ஏழாம் அறையில் முன்பு இருந்தது என்ன?

அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். மெட்ராஸ் ஆபீஸிலிருந்து புதிதாக அச்சடித்து வந்திருக்கும் கப்பல் படிவத்தில் அது இல்லை. கப்பலின் பெயர் இருக்கிறது, நீளம் இருக்கிறது, புறப்பட்ட துறைமுகம் இருக்கிறது, வந்து சேரும் நாள் இருக்கிறது. 'இதற்கு முன் ஏற்றிய சரக்கு' என்ற கட்டம் மட்டும் காணோம்.

போன மாதம் ஆம்பூர் மண்ணெண்ணெய் டிப்போவுக்குப் போயிருந்தபோது இதைப் பார்த்தேன். வேலையை விட்டு மூன்று வருடமாகிறது. ஆனாலும் வாரத்தில் இரண்டு நாள் கால் அங்கேதான் போகிறது. வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. ஸ்டேஷன் வரைக்கும் நடக்கிறேன், திரும்புகிறேன், மறுபடி நடக்கிறேன்.

என் நாற்காலிக்குப் புதிதாக வந்திருக்கும் குமாஸ்தா முனிரத்தினம். கையெழுத்து சுத்தம், கணக்கில் பிசகமாட்டான். அவனிடம் கேட்டேன்.

"அந்தக் கட்டம் எங்கய்யா போச்சி?"

"எந்தக் கட்டம் சார்?"

"முன் சரக்குக் கட்டம்."

"அது எதுக்கு சார்? போன நடையில கப்பல் இன்னா ஏத்துனா நமக்கு இன்னா? இப்ப இன்னா வருதுன்னு தெரிஞ்சா போதாதா? எழுதற வேலை கம்மின்னு சந்தோசப்படாம, நீங்க ஏன் பேஜாராவறீங்க?"

நான் கத்திவிட்டேன். டின்களுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்த ஆட்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முனிரத்தினம் பயந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். பிறகு, "கோவிச்சிக்காதீங்க சார். இன்னா நடந்துச்சின்னு எழுதிக் குடுங்க. நாங்கல்லாம் படிக்கறோம்" என்றான்.

அதனால் எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. வரும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

என் அப்பா ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். பச்சைத்தோலை சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மயிர் கழன்று வரும்வரை புரட்டிப் புரட்டிப் போடுகிற வேலை. முழங்கால்வரை வெந்துபோயிருக்கும். என்னை அந்தக் குழிக்குள் இறங்கவிடக்கூடாது என்று மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். எட்டாவது தேறினேன். டிப்போவில் சேர்ந்தேன். டின் எண்ணினேன், வண்டிச் சீட்டு எழுதினேன், அடி வாங்காத குறையாக ஏச்சு வாங்கி இங்கிலீஷ் எழுதக் கற்றுக்கொண்டேன். நாலு வருடம் கழித்துக் கப்பல் புத்தகத்தை என் கையில் கொடுத்தார்கள். என் படிப்பும் பயிற்சியும் அவ்வளவுதான்.

கடலைப் பார்க்காத ஊரில் கப்பல் புத்தகம் எதற்கு என்று கேட்பார்கள். மண்ணெண்ணெய் அப்போது பெரும்பாலும் ரங்கூனிலிருந்து வந்தது. டின்னில் வராது, கப்பலின் வயிற்றில் அப்படியே ஊற்றிக்கொண்டு வரும். மெட்ராஸ் துறைமுகத்தில் குழாய் போட்டு உறிஞ்சுவார்கள். அங்கிருந்து ரயிலில் டேங்க் வாகன்களில் ஏறி ஆம்பூருக்கு வரும். நாங்கள் டின்னில் அடைத்து ஈயம் வைத்து குடியாத்தம், பள்ளிகொண்டா, வாணியம்பாடி என்று வண்டி ஏற்றி அனுப்புவோம். தோல் ஷாப்புகளுக்கும் போகும். டேங்க் வாகன் வேண்டுமென்றால் எட்டு நாளுக்கு முன்பே கேட்டு எழுத வேண்டும். பிந்திக் கேட்டால் வேறு டிப்போவுக்குப் போய்விடும், இந்தப் பக்கம் முழுக்க விளக்கு எரியாது. அதனால் கப்பல் எப்போது வரும் என்பது தந்தி வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்களுக்கு அதிகமாக வந்தது ஒரே கப்பல்தான். அதன் பெயரை எழுதப்போவதில்லை. டிப்போவில் அதற்கு 'எருமை' என்று பெயர். கறுப்பு, கனம், மெதுவான நடை. நீளம் நானூற்றுப் பத்து அடி. அகலம் ஐம்பத்திரண்டு. முழுச் சரக்கோடு இருந்தால் தண்ணீருக்குள் இருபத்தாறு அடி அமிழும். வயிற்றுக்குள் முன்னும் பின்னுமாக எட்டு அறைகள், ஒவ்வொன்றும் நடுவில் தடுத்து இரண்டு. இன்ஜின் வால் பக்கம். மணிக்கு ஒன்பது கடல் மைல். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். நானூற்றுப் பத்து அடி எவ்வளவு என்று தெரியாமல் ஒருநாள் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் காலால் அளந்து பார்த்தேன். எருமையின் தலை பிளாட்பாரத்தைத் தாண்டி வெளியே நின்றது. ஸ்டேஷன் மாஸ்டர் என்னைப் பைத்தியம் என்று நினைத்தார்.

மெட்ராஸ் பேப்பர் காலை வண்டியில் வரும். அதில் எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்துக்கு வந்தது, எங்கே கிளம்பியது என்று சின்ன எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். அதை வெட்டிப் புத்தகத்தில் ஒட்டுவேன். பக்கத்தில் தேதி, துறைமுகம், எந்த அறையில் என்ன சரக்கு என்று மெட்ராஸ் ஆபீஸ் அனுப்பும் தாளைப் பார்த்து எழுதுவேன். ரங்கூனிலிருந்து மெட்ராஸுக்கு நாலரை நாள். ஆனி ஆடியில் காற்று எதிர்த்தால் ஐந்தரை. ஆனால் ரங்கூன் ஆற்றில் மணல்மேடு இருக்கிறது. இருபத்தாறு அடி அமிழ்ந்த கப்பல் அதைத் தாண்ட, கடல் நன்றாகப் பொங்கி ஆற்றுக்குள் ஏற வேண்டும். அது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் நடக்கும். அதனால் நான் ஒரு பாம்புப் பஞ்சாங்கம் வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டேன்.

"ஏமய்யா சகாயம், வேதக்காரனுக்குப் பஞ்சாங்கம் எதுக்கு? பொண்ணு பாக்கறியா?" என்பார் மானேஜர்.

"எருமைக்கு நாள் பாக்கறேன் சார்."

மானேஜர் ரங்கய்யா நாயுடு. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. காலை ஒன்பது மணிக்கு வருவார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார், ஒரு பக்கத்துக்கு நாலு துடைப்பு, மறுபக்கத்துக்கு நாலு. பிறகு தலை நிமிராமல், "எருமை எங்க மேயுது?" என்று கேட்பார். நான் சொல்வேன். "திரும்பச் சொல்லு." சொல்வேன். இரண்டு தடவையும் ஒரே மாதிரி வந்தால்தான் நம்புவார். அவர் மேஜையில் கறுப்பாக, வழவழவென்று ஒரு கல் இருந்தது. பிடிக்காத காகிதம் வந்தால் கிழிக்கமாட்டார், பதிலும் போடமாட்டார். படித்து, நாலாக மடித்து, அந்தக் கல்லுக்கு அடியில் வைப்பார். கல்லுக்கடியில் போன காகிதத்தைப் பற்றி யாரும் மறுபடி பேசக்கூடாது. அது டிப்போவின் சட்டம்.

பெரிய சண்டை முடிந்து சில வருடம் ஆகியிருந்தது. மோட்டார் ஜாஸ்தியாகிவிட்டது. எருமை மண்ணெண்ணெயோடு பெட்ரோலும் ஏற்ற ஆரம்பித்தது. ஒரு நடையில் கல்கத்தாவுக்குப் பெட்ரோல், அடுத்த நடையில் அதே அறையில் மெட்ராஸுக்கு மண்ணெண்ணெய். அதில் தப்பில்லை, நடுவில் அறையைக் கழுவினால். பெட்ரோலை இறக்கிய பிறகு அறைக்குள் நீராவி விட்டு, கழுவி, காற்று ஓட்டிவிட வேண்டும். அதற்காக எருமை ரங்கூனில் இரண்டு நாள் சும்மா நிற்கும். என் புத்தகத்தில் ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டு நாள் இடைவெளி இருக்கும். கழுவாமல் ஊற்றினால் அடியில் தங்கிய பெட்ரோல் மண்ணெண்ணெயோடு கலந்துவிடும். விளக்கில் ஊற்றினால் வெடிக்கும்.

ஒரு ஆவணி மாதம், குடியாத்தத்தில் எங்கள் எண்ணெயை விற்கிற கடைக்காரர் நாற்பது டின்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். கூடவே ஒரு கடிதம். நெசவுக்காரர்கள் வாங்கமாட்டேன் என்கிறார்கள், எண்ணெயில் மோட்டார் வாசனை அடிக்கிறது, சுடர் எகிறுகிறது என்று எழுதியிருந்தார்.

இப்படிப் புகார் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சுவரில் அச்சடித்து ஒட்டியிருந்தது. டிப்போவில் ஒரு சோதனைப் பெட்டி உண்டு. அதில் எண்ணெயைச் சோதித்து, மாதிரியை முத்திரை வைத்து மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டும். அதுவரை அந்த டின்களைத் தொடக்கூடாது.

ரங்கய்யா கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "டெஸ்ட் பண்ணா காகிதம் போவும். காகிதம் போனா ஆள் வரும். ஆள் வந்தா ஒரு வாரம் டிப்போ நிக்கும்" என்றார். கடிதத்தை நாலாக மடித்தார். கல்லைத் தூக்கினார்.

பிறகு என்னைப் பார்த்தார். "நாப்பது டின்னையும் இன்னா பண்றது?"

இங்கேதான் நான் வருகிறேன். இதை மறைத்து எழுதுவதாக இருந்தால் எழுதவே வேண்டியதில்லை.

"தோல் ஷாப்புக்கு அனுப்புங்க சார். அங்க எவனுக்கு மூக்கு இருக்குது?" என்றேன்.

ரங்கய்யா சிரித்தார். அவர் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மானேஜரைச் சிரிக்க வைத்துவிட்டேன். சீட்டை நானே எழுதினேன். 'நாற்பது டின், தோல் ஷாப்புக்கு. புகார் எதிர்பார்ப்பதற்கில்லை.' இந்தக் கடைசி இரண்டு வார்த்தையை யாரும் எழுதச் சொல்லவில்லை. அவர் படித்துவிட்டு மறுபடி சிரிக்கட்டும் என்று எழுதினேன்.

சுண்ணாம்பிலும், அழுகிய சதையிலும், ஆவாரம்பட்டைத் தொட்டியிலும் பத்து வருடம் நின்றவனுக்கு வாசனை போய்விடும். எங்கள் வீட்டில் குழம்பு ஊசிப்போனால் அப்பாவுக்குத் தெரியாது. அம்மா தட்டைப் பிடுங்கினால்தான் தெரியும். அது எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். எனக்குத் தெரிந்ததால்தான் அந்தப் பேச்சு வந்தது. ரங்கய்யாவுக்கு அது தானாகத் தோன்றியிருக்காது.

எட்டாம் நாள் சாயங்காலம். என் அப்பா வேலை செய்த அதே ஷாப்பு. அங்கே விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றி ஏற்றுகிற ஆள் சின்னப்பன். அப்பாவோடு பல வருடம் குழியில் நின்று, இடுப்பு போனபிறகு விளக்கு வேலைக்கு மாறியவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என்னைத் 'தம்பி' என்பார். தோலைத் தரம் பிரிக்கிற கொட்டகையில் மேலே தொங்குகிற பெரிய விளக்கை ஏற்றிவிட்டுக் கயிற்றை இழுத்திருக்கிறார். விளக்கு பாதி உயரம் போனதும் வெடித்தது. நெருப்பும் எண்ணெயும் கீழே நின்ற கன்னியம்மாள் மேல் கொட்டியது. தோல் அடுக்கிக்கொண்டிருந்தவள். சின்னப்பன் வெறுங்கையால் அவள் சேலையை அணைத்தார்.

கன்னியம்மாள் மூன்றாம் நாள் வேலூர் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். சின்னப்பனுக்கு இரண்டு கையிலும் விரல்கள் ஒட்டிக்கொண்டன.

போலீஸ் சின்னப்பன் மேல் வழக்குப் போட்டது. எரிகிற விளக்கில் எண்ணெய் ஊற்றினார், அதனால் வெடித்தது, அதனால் ஒரு உயிர் போனது என்று. ஷாப்பு மேஸ்திரி அப்படித்தான் என்று சொல்லிவிட்டான். முதலாளி சாயபு ஊரில் இல்லை. எங்கள் டிப்போவிலிருந்தும் ஒரு காகிதம் போனது. எண்ணெய் நல்ல எண்ணெய், குறை இருந்திருந்தால் வாசனையிலேயே தெரிந்திருக்கும், ஆம்பூரில் ஒருவரும் புகார் செய்யவில்லை என்று. ரங்கய்யா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். ஒரு எழுத்தும் பிசகாமல் எழுதினேன் என்று சொல்ல எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். சின்னப்பன் கையை மேலே தூக்கிவைத்துக்கொண்டு படுத்திருந்தார். துணி சுற்றியிருந்தது.

"நீயாவது கேளு தம்பி. எரியிற வெளக்குல எண்ண ஊத்த நான் இன்னா கிறுக்கனா? நாலு வருசமா ஏத்தறேன். அது ஊத்துனப்பவே சரியில்ல, தண்ணி மாரி ஓடுச்சி. நான்தான் கவனிக்காம வுட்டுட்டேன்."

"வாசன ஏதாச்சும் அடிச்சுதாண்ணே?"

"வாசனையா?" என்று சிரித்தார். "எவனக் கேக்கறான் பாரு."

திரும்பி வந்ததும் புத்தகத்தைத் திறந்தேன். நானே எழுதிய வரி. ஏழாம் அறை, கல்கத்தா, பெட்ரோல். அதற்கு அடுத்த வரி. ரங்கூன் வந்த தேதியும், ஏழாம் அறையில் மண்ணெண்ணெய் ஏற்றிய தேதியும் ஒன்று. இரண்டு நாள் இடைவெளி இல்லை. அரை நாள்கூட இல்லை. கப்பல் எப்போது மெட்ராஸ் வரும் என்பதிலேயே குறியாக இருந்ததால் தேதியை எழுதினேன், பார்க்கவில்லை. வாகன் சீட்டைத் தேடி எடுத்தேன். மெட்ராஸில் கரைத் தொட்டி நிறைந்திருந்ததால் ஏழாம் அறையிலிருந்து நேராக வாகனில் ஏற்றியதாக இருந்தது. அந்த வாகனிலிருந்து அடைத்த டின்கள்தான் குடியாத்தம் போய்த் திரும்பி வந்தவை.

ஷாப்புக்கு அனுப்பிய நாற்பதில் மூன்று டின் ஈயம் உடைக்காமல் அங்கேயே கிடந்தன. ஒன்றை வாங்கிவந்தேன். மத்தியானம் ரங்கய்யா சாப்பிடப் போன பிறகு சோதனைப் பெட்டியை எடுத்தேன். அது ஒரு பித்தளைக் கிண்ணம், அதைச் சுற்றித் தண்ணீர், மேலே மூடி, மூடியில் சின்ன ஜன்னல். எண்ணெயை முதலில் பானைத் தண்ணீரில் வைத்து நன்றாகக் குளிர வைக்க வேண்டும். கிண்ணத்தில் கோடுவரை ஊற்றி, மெல்லச் சூடேற்ற வேண்டும். ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் ஜன்னலைத் திறந்து மிளகளவு சுடர் ஒன்றை உள்ளே காட்டி மூட வேண்டும். எந்தச் சூட்டில் உள்ளே நீலமாக ஒரு மின்னல் ஓடுகிறதோ அதுதான் கணக்கு. நல்ல எண்ணெய் என்றால் வெகுநேரம் ஒன்றும் நடக்காது. கை வலிக்கும்.

அன்று நான் சூடேற்றவே இல்லை. குளிர்ந்த எண்ணெயில் முதல் தடவை ஜன்னலைத் திறந்து சுடரைக் காட்டினேன். 'பொப்' என்று நீலமாக ஓடி சுடரையே அணைத்துவிட்டது.

இரண்டு சின்ன பாட்டிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஒன்றில் நல்ல எண்ணெய், ஒன்றில் இந்த எண்ணெய்.

"நைனா, இத மோந்து பாரு."

அப்பா மோந்தார்.

"இப்ப இத."

மோந்தார். இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதான்டா. தண்ணியா?"

கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்த என் மனைவி மூக்கை மூடிக்கொண்டு எழுந்து வெளியே போனாள்.

"எதுக்குடா கேக்கற?" என்றார் அப்பா. நான் பாட்டில்களுக்கு மூடி போட்டேன்.

வேலூரில் சப் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் விசாரணை. அன்று காலை ரங்கய்யா கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் மேஜைக்குப் போனேன். கல்லைத் தூக்கினேன். குடியாத்தம் கடிதத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். துடைக்கிற கை நின்றுவிட்டது.

"சகாயம். அத வெச்சிடு."

"இல்ல சார்."

"சீட்டு எழுதுனது யாரு, ஞாபகம் இருக்குதா? கையெழுத்து யாருது?"

"என்துதான் சார்."

"அப்ப முதல்ல போறது நீ."

"சரி சார்" என்றேன். கப்பல் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வண்டி ஏறினேன்.

கோர்ட்டில் சின்னப்பனை நிறுத்தி மாஜிஸ்திரேட் கேட்டார். "பெட்ரோல் கலந்திருந்தா வாசன வந்திருக்குமே, நீ ஏன் சொல்லல?"

"எஜமான், எம் பொண்டாட்டி தலையில பூ வெச்சிருக்காளான்னு கண்ணால பாத்துதான் தெரிஞ்சிக்கறேன். மூக்கு செத்துப் பதினஞ்சி வருசம் ஆவுது."

சிலர் சிரித்தார்கள். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். புத்தகத்தை விரித்தேன். ஏழாம் அறையின் இரண்டு வரிகளைப் படித்தேன். "திரும்பப் படி" என்றார். படித்தேன். வாகன் சீட்டைக் காட்டினேன். சோதனை செய்ததைச் சொன்னேன். குடியாத்தம் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"புகார் வந்த டின்ன ஷாப்புக்கு அனுப்பச் சொன்னது யாரு?"

ரங்கய்யா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அப்பா கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். சின்னப்பனைப் பார்க்க வந்திருந்தார், என்னைப் பார்க்க இல்லை.

"நான்தான் சொன்னேன்."

"ஏன்?"

"அங்க எவனுக்கு மூக்கு இருக்குதுன்னு சொன்னேன்."

அந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. மாஜிஸ்திரேட் என் சீட்டை வாங்கி, 'புகார் எதிர்பார்ப்பதற்கில்லை' என்பதைச் சத்தமாகப் படித்துவிட்டுக் கீழே வைத்தார்.

சின்னப்பனை விட்டுவிட்டார்கள். ரங்கய்யாவை வேறு டிப்போவுக்கு மாற்றினார்கள், அதே சம்பளத்தில். கப்பல்காரர்களிடமிருந்து பதில் வந்தது, ஏழாம் அறை முறைப்படி கழுவப்பட்டதாகத் தங்கள் புத்தகத்தில் இருக்கிறது என்று. எப்போது கழுவினீர்கள், அன்றே வந்து அன்றே ஏற்றிய கப்பலில் எந்த நேரத்தில் கழுவினீர்கள் என்று நான் திருப்பி எழுதினேன். பதில் இல்லை. மூன்று தடவை எழுதினேன். அங்கேயும் யாரோ ஒரு கல் வைத்திருந்தார்கள் போல. எனக்கு வேலை போகவில்லை, கோர்ட்டில் சாட்சி சொன்னவனை உடனே அனுப்பினால் பேப்பரில் வரும் என்று பயந்தார்கள். உயர்வும் வரவில்லை. கடைசிநாள் வரைக்கும் அதே நாற்காலி. நான் அதைப் பற்றிக் கோபப்படவில்லை. எனக்கு அது சரிதான்.

அன்றைக்கு வேலூரிலிருந்து திரும்பும்போது அப்பாவும் நானும் ஒரே பெட்டியில் உட்கார்ந்திருந்தோம். காட்பாடி தாண்டியது. பிறகு கேட்டார்.

"அத சொன்னப்ப மானேஜர் சிரிச்சாரா?"

"சிரிச்சாரு நைனா."

அவ்வளவுதான். குடியாத்தம் வந்தது, போனது. ஆம்பூர் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். சாகிறவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு தடவையாவது என்னை அறைந்திருக்கலாம்.

இந்தக் கூத்தெல்லாம் முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் மெட்ராஸ் ஆபீஸ் அந்தக் கட்டத்தை அச்சடித்தது. 'இதற்கு முன் ஏற்றிய சரக்கு, அறை வாரியாக.' கன்னியம்மாள் செத்ததற்கு இந்த உலகத்தில் மிச்சமானது அந்த ஒரு கட்டம்தான். அவள் வீட்டுக்குப் போய் நான் இதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

சின்னப்பனை அந்த ஷாப்பிலேயே கேட் வாட்ச்மேனாகப் போட்டார்கள். சாயபு ஊருக்குத் திரும்பிவந்து விஷயம் தெரிந்ததும் மேஸ்திரியை அனுப்பிவிட்டார். அன்று முதல் எண்ணெய் விஷயத்தில் சின்னப்பன் சொன்னதுதான் அங்கே சட்டம். ஷாப்பு வண்டியோடு டின் வாங்க அவரேதான் வருவார். விரல் ஒட்டிய கையை மேஜையின் விளிம்பில் வைத்துக்கொண்டு நிற்பார். முதல்தடவை வந்தபோது, "தம்பி" என்று கூப்பிடுவார் என்று காத்திருந்தேன்.

"கிளார்க்கய்யா. எருமை எங்க?"

"கொழும்புப் பக்கம் போயிருக்குதுண்ணே."

"இந்த டின்னுல இருக்கறது எந்த அறை?"

"மூணாவது."

"அதுக்கு முன்னாடி மூணாவதுல இன்னா இருந்திச்சி?"

"மண்ணெண்ணெய்தாண்ணே. அதுக்கு முன்னாடியும் அதான்."

"சரி. ஏத்துங்கடா."

பதினாறு வருடம். ஒவ்வொரு தடவையும் இதே கேள்வி. ஒரு தடவைகூட என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை. ஒரு தடவைகூடக் கேள்வி கேட்காமல் டின்னை ஏற்றவில்லை. எருமை கிழடாகி, எங்கோ கொண்டுபோய் உடைத்தார்கள் என்று பேப்பரில் வந்தபோது அவரிடம் சொன்னேன். "கடைசி நடையில இன்னா ஏத்துனான்?" என்றுதான் கேட்டார். காலியாகப் போனது என்றேன். தலையை ஆட்டினார். அடுத்த கப்பலைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்.

போன திங்கட்கிழமை நான் டிப்போவில் இருந்தபோது ஷாப்பு வண்டி வந்தது. சின்னப்பனுக்கு எழுபதாகிறது, நடை தள்ளாடுகிறது. என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு முனிரத்தினத்திடம் போனார். அதே மாதிரி கையை வைத்தார்.

"இது எந்தக் கப்பலு?"

முனிரத்தினம் சொன்னான்.

"எந்த அறை?"

"அஞ்சாவதுங்க."

"அதுக்கு முன்னாடி அஞ்சாவதுல இன்னா இருந்திச்சி?"

முனிரத்தினம் புதுப் படிவத்தைப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"தெரியலீங்க" என்றான்.

சின்னப்பன் மேஜையிலிருந்து கையை எடுத்தார். பிறகு வண்டிக்காரனிடம், "எறக்குடா" என்றார். அவர் கேட்பதற்குள் ஆட்கள் ஏற்றிவிட்டிருந்த ஆறு டின்னையும் இறக்கினார்கள்.

"பெரியவரே, நல்ல எண்ணதான். எல்லாரும் வாங்கறாங்க" என்றான் முனிரத்தினம்.

"இருக்கட்டும். தெரிஞ்சப்புறம் வர்றேன்."

வண்டி காலியாகத் திரும்பியது. முனிரத்தினம் ஒரு தாளை எடுத்து மெட்ராஸுக்குத் தந்தி எழுதினான், ஒவ்வொரு அறையிலும் முன்பு இருந்த சரக்கு என்ன என்று. யாரும் சொல்லாமல் அவனே எழுதினான். அச்சடித்த படிவத்தில் ஸ்கேலை வைத்துப் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பழைய கட்டத்தைக் கையாலேயே வரைந்தான். அது இன்னும் காலியாக இருக்கிறது.

இன்றைக்கு நாலு நாள் ஆகிறது. தந்திக்குப் பதில் இல்லை. நான் தினமும் காலையில் போய்ப் பார்க்கிறேன், மத்தியானமும் போய்ப் பார்க்கிறேன். தோல் ஷாப்பில் இருந்த எண்ணெய் தீர்ந்துவிட்டது. பொழுது சாயும் முன்பே வேலையை நிறுத்தி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். கேட்டில் சின்னப்பன் விளக்கில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.

படிவத்தை அச்சடித்தவர்கள் இதைப் படித்தால் எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவருக்குச் சொல்லுங்கள். ஐந்தாம் அறையில் முன்பு என்ன இருந்தது?